வேலுசாமி வேலைக்கு வந்த நாள்

பழனியாண்டியைப் பற்றிக் கஹவத்தை பஸ் நிலையத்தில் யாரிடம் விசாரித்தாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். பாதிப் பேர், "கூரை பாஸா? தங்கமான மனுசனாச்சே" என்பார்கள். மீதிப் பேர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானோர் அவனிடம் வேலை செய்தவர்கள். அவனோடு ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள். அவனுக்காகப் பொய் சொல்லி, கடைசியில் அவனாலேயே ஊரறியப் பொய்யர்கள் ஆனவர்கள்.

அவனுடைய தொழில் கூரை வேலை. தகரம் மாற்றுவது, அஸ்பெஸ்டோஸ் சீட் போடுவது, கூரைத் தண்ணி இறங்கப் பீலி கட்டுவது, ஒழுக்கு அடைப்பது. இரத்தினபுரிப் பக்கத்து மழையில் நனைந்தவர்களுக்கு இந்தத் தொழில் ஏன் படுத்துப்போகாது என்று விளக்கத் தேவையில்லை. வருசத்தில் எட்டு மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மீதி நாலு மாதம் ஊற்றலாமா என்று யோசிக்கும்.

அவன் பிறந்ததும் ஒழுகுகிற கூரைக்குக் கீழேதான். கஹவத்தைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில், வரிசைவீடு ஒன்றில். தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்டார். தாய் வெள்ளையம்மா, றப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரி. தோட்டத்தில் ஒவ்வொரு பால்வெட்டுக்காரருக்கும் இத்தனை மரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். நல்ல மரமாக வாய்ப்பது அதிர்ஷ்டம். அதைக் கைவிடாமல் வைத்திருப்பது பெரும்பாடு. காய்ச்சல் என்று இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் படுத்தால் கங்காணி அந்த மரங்களை வேறொருத்தருக்குக் கொடுத்துவிடுவான். ஆகவே ஒருவருக்கு முடியாவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருவர் அவர் பேரில் போய் நிற்பார். கங்காணி கண்டும் காணாதவன் மாதிரி இருந்துகொள்வான்.

பழனியாண்டிக்குப் பதினாலு வயதாயிருந்தபோது வெள்ளையம்மா காய்ச்சலில் கிடந்தாள். விடியற்காலையில் பால்கத்தியை எடுத்துக்கொண்டு, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றான். "வெள்ளையம்மா" என்று கங்காணி கூப்பிட்டதும் "இருக்கேன்" என்றான். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் சிரிக்காமல் பேருக்கு நேரே கோடு போட்டான். அன்றைக்கு அம்மாவின் மரங்கள் தப்பின. எதைக் கேட்டாலும் இல்லை என்கிற அந்தத் தோட்டம் அவர்களுக்குக் கொடுத்து வைத்திருந்த சலுகை அது ஒன்றுதான். பழனியாண்டி அதை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டான். பிற்பாடு அவன் தலையில் இடி விழுந்தது அந்த முடிச்சால்தான்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது அவனுக்கு இருபத்தேழு வயது. தோட்டத்துக் கூரை பாஸுக்குக் கையாளாகப் பத்து வருசம் ஏணி பிடித்துத் தொழிலைக் கற்றிருந்தான். புதுத் துரை வந்த கையோடு, கூரை வேலைக்கெல்லாம் இனிச் சம்பள ஆள் தேவையில்லை, வெளியாள்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். பாஸ் வீட்டுக்குப் போனார். கையாள் நடுத்தெருவில் நின்றான். கஹவத்தை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஸம்சுதீன் நானாதான் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"வெளியாளுக்குத்தானே வேல குடுக்கப் போறாங்க? அந்த வெளியாள் நீயா இருந்தா என்ன?" என்றார்.

"நானா, எங்கிட்ட ஒரு சுத்தியலும் ரெண்டு கையுந்தான் இருக்கு."

"கடைக்குப் பின்னால சும்மா கெடக்கிற கொட்டில் ஈக்கி. எடுத்துக்க. சீட்டு நான் தாறேன். நீ ஆளச் சேரு."

இப்படியாகத் தொண்ணூற்றிநாலில் தொடங்கியதுதான் 'பழனி கூரை வேலைத்தளம்'. பேர்ப்பலகையில் மேலே சிங்களம், கீழே தமிழ். முதலில் இரண்டு ஆள், பிறகு நாலு, இரண்டாயிரத்து மூன்று வெள்ளத்துக்கும் காற்றுக்கும் பிறகு பதினொரு ஆள். எல்லோரும் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள்.

முதல் நாளே பழனியாண்டி ஒரு சங்கற்பம் எடுத்துக்கொண்டான். தோட்டத்தில் தன்னை எதெல்லாம் குறுக வைத்ததோ அது எதுவும் தன் கொட்டிலுக்குள் வரக்கூடாது. அங்கே "டேய்" கிடையாது. பெரட்டு கிடையாது, யாரும் பேர் கூப்பிட மாட்டார்கள். மேசையில் ஒரு நீளக் கொப்பி கிடக்கும். வருகிறவன் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தன் பேரைத் தானே எழுதவேண்டும். எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு ஸம்சுதீன் நானாவின் மகள் றுகையா பேர் எழுதக் கற்றுக்கொடுத்தாள். பகல் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே சட்டியிலிருந்து. பாஸ் கடைசியாகத்தான் போட்டுக்கொள்வான். ஆளுக்கொரு கென்வஸ் சப்பாத்து, ஆளுக்கொரு இடுப்புக் கயிறு. அந்தக் காலத்தில் அந்த ஊரில் கூரை ஏறுகிறவனுக்கு இடுப்புக் கயிறு வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் அவன். மற்ற பாஸ்மார் சிரித்தார்கள். "மாட்டக் கட்டுற மாதிரி கட்டுறான்" என்றார்கள். பழனியாண்டியும் கூடச் சிரித்துவிட்டுக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொள்வான்.

இத்தனை சட்டங்களோடு அந்தப் பழைய சலுகையையும் உள்ளே கொண்டுவந்தான். ஒருவனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அவன் வீட்டிலிருந்து யாராவது வரலாம். அவன் பேரையே எழுதலாம். அவனுடைய இடம் அவனுக்கே இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, வருகிறவர் தரையில்தான் நிற்கவேண்டும். சீட் தூக்கிக் கொடுக்கலாம், ஏணி பிடிக்கலாம், கூரையில் கால் வைக்கக்கூடாது. இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது ஆட்களின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு காலையில் அம்மா பேருக்கோ அண்ணன் பேருக்கோ "இருக்கேன்" சொன்னவர்கள்தானே. பத்து வருசம் இது ஒரு குறையுமில்லாமல் ஓடியது. கணவனுக்குப் பதில் மனைவி வந்து சீமெந்து குழைத்திருக்கிறாள். மகனுக்குப் பதில் தகப்பன் வந்து ஏணி பிடித்திருக்கிறார்.

இரண்டாயிரத்தைந்து ஒக்டோபரில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு தேயிலை பெக்டரியின் கூரை வேலை கையில் இருந்தது. கொழுந்து காயவைக்கும் மாடிக்கு மேலே ஒழுக்கு. பெக்டரிக்காரர்கள் கறாரானவர்கள். கூரையில் ஏறப்போகிறவர்கள் இன்னின்னார், தொழில் தெரிந்தவர்கள் என்று பழனியாண்டியிடம் பேர்ப்பட்டியல் எழுதி வாங்கியிருந்தார்கள். பட்டியலில் பதினொரு பேர். வேலை தீபாவளிக்கு முன் முடியாவிட்டால் அடுத்த வேலை வேறு ஆளுக்கு என்றும் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு விடியும்வரை மழை கொட்டியது. ஏழு மணிக்கு வெறித்து, வெயிலடித்தது. பழனியாண்டி லொறியில் ஏணியை ஏற்றிக்கொண்டிருந்தபோது யோகராஜின் அண்ணன் வேலுசாமி வந்தார். யோகராஜ் பழனியாண்டியின் நல்ல கைகளில் ஒருவன். வேலுசாமி நாற்பதை நெருங்கிய மனுசர், றப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர், அதிகம் பேசாதவர். கையில் தம்பியின் கென்வஸ் சப்பாத்தைத் தூக்கிப்பிடித்திருந்தார்.

"தம்பிக்குக் காய்ச்சல், பாஸ். எந்திரிக்க முடியல. நமக்கு இன்னக்கி பால்வெட்டு இல்ல, மரமெல்லாம் நனஞ்சு கெடக்கு. அதான் நான் வந்தேன்."

"வாங்கண்ணே. சப்பாத்து ஏன் கையில?"

"காலுக்குப் பத்தல. நமக்கு வெறுங்கால்தான் பழக்கம்."

தேத்தண்ணி குடித்தார். கொப்பியில் குனிந்து, பேனாவை அழுத்திப் பிடித்து, யோகராஜ் என்று எழுதினார். தம்பிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இரண்டு பேர் எழுத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பதினொரு மணிவாக்கில் கிழக்கே மறுபடியும் கறுத்தது. பழைய சீட் நாலைக் கழற்றியாயிற்று, புதுச் சீட் இன்னும் ஏறவில்லை. கீழே மாடியில் கொழுந்து பரப்பியிருந்தார்கள். பெக்டரி ஐயா முற்றத்தில் நின்று மேலே பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். மேலே ஒரு கை குறைவாயிருந்தது, யோகராஜின் கை. ஐயா கொழுந்தைப் பார்க்க உள்ளே போன நேரம் பழனியாண்டி கூரை விளிம்பிலிருந்து கீழே குனிந்தான்.

"அண்ணே, மேல வாங்க. சீட்டோட அந்த ஓரத்த மட்டும் புடிச்சிக்கிட்டா போதும். ஒரு நிமிச வேலதான்."

வேலுசாமி அண்ணாந்து பார்த்தார். "கயிறு கட்டணுமா, பாஸ்?"

"கட்டி அவுக்குறதுக்குள்ள மழ வந்துரும். ஆணி அடிச்ச வரிசை தெரியுதில்ல? அதுமேல மட்டும் கால் வைங்க. கீழ சட்டம் இருக்கும், தாங்கும்."

இதுதான் அவன் சொன்னது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அவன் இதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். பத்து வருசமாய் அவன் கட்டிக் காத்த அத்தனை சட்டமும் அந்தக் கால் நிமிசத்தில் அவன் வாயாலேயே போயிற்று.

வேலுசாமி ஏறினார். மரத்துக்கு மரம் வெறுங்காலில் சறுக்கு மலையில் நடந்து பழகிய கால், பயமில்லாமல் நடந்தார். சொன்னபடி ஆணி வரிசையிலேயே வந்து சீட்டின் ஓரத்தைப் பிடித்தார். இந்தப் பக்கம் பிடித்தவன் சீட்டைச் சற்றே தள்ளினான். அவர் இடம் விடுவதற்காக ஓரடி பின்னால் வைத்தார். அந்தப் பெக்டரிக் கூரையில் உள்ளே வெளிச்சம் வருவதற்காக இடையிடையே பிளாஸ்டிக் சீட் போட்டிருந்தார்கள். பாசி படிந்து அதுவும் மற்றச் சீட் மாதிரியே கறுத்துக் கிடந்தது. தொழில்காரனுக்கு எங்கே எது என்று தெரியும். பால்வெட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? சத்தம்கூடப் பெரிதாய் வரவில்லை. சீட்டைப் பிடித்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே ஆள் இல்லை, ஒரு ஓட்டைதான் இருந்தது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, லொறிக்குள், பழனியாண்டியின் மடியில் தலை வைத்தபடி வேலுசாமி போய்விட்டார்.

பின்னேரம் கொட்டிலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். காய்ச்சலோடு யோகராஜும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து மூலையில் குந்தியிருந்தான். அழுது முடித்த முகம். ஸம்சுதீன் நானா கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னது மட்டும் கெட்டதாயிருந்தது.

"நான் செல்றத எல்லாரும் கேளுங்க. லிஸ்ட்ல இல்லாத ஆள, கயிறில்லாம, இவன் கூரையில ஏத்தினான்னு வெளிய தெரிஞ்சா இவன் உள்ள போவான். இந்தக் கொட்டில் மூடும். தமிழ் ஆள் பொலிசுக்குப் போய் நிக்கிற காலமா இது? மௌத்தானவர் திரும்பி வரப்போறதில்ல. பதினொரு குடும்பம் ஈக்கி, அதப் பாருங்க."

கொப்பியில் யோகராஜ் வேலைக்கு வந்ததாகத்தான் இருக்கிறது. வேலுசாமி என்ற பேரே அதில் இல்லை. ஆகவே, யோகராஜ் வேலையில் இருந்தான், அண்ணன் எதற்கோ அவனைத் தேடி வந்தவர் யாருக்கும் தெரியாமல் கூரையில் ஏறிவிட்டார். அவ்வளவுதான் நானா கட்டிக்கொடுத்த கதை.

யாராவது ஒருவன், இது அநியாயம் என்று சொல்லிவிட மாட்டானா என்று பழனியாண்டியின் மனம் ஏங்கியது. அப்படி யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றும் அதே மனம் நடுங்கியது. என்ன கேவலமான மனசு இது என்று அவன் தன்னைத்தானே வெறுத்த நாள் அது.

யோகராஜ்தான் எழுந்து நின்றான். "நானே சொல்றேன், பாஸ். அண்ணன் சும்மா வந்தாருன்னு நானே பொலிசுல சொல்றேன். நீங்க எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவரையும் அவன் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. இத்தனை வருசமாய் அவன் அவர்களிடம் காட்டிய மரியாதை எல்லாம் அன்றைக்கு ஒன்றுதிரண்டு அவனைச் சுற்றிச் சுவராய் நின்றது. அந்தச் சுவருக்கு வெளியே வேலுசாமி கிடந்தார். மரண விசாரணையில் கேட்டபோது பழனியாண்டி நல்ல சிங்களத்தில், "அவர் ஏறினது எனக்குத் தெரியாது, மாத்தையா" என்றான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சம்பந்தமில்லாத ஆள், தன்னிச்சையாக ஏறி விழுந்தது.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே. சம்பந்தமில்லாத ஆள் பெக்டரிக் கூரையில் ஏன் ஏறினான்? அந்த மாதம் அங்கே ஒரு சுருள் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. யார் முதலில் முடிச்சுப் போட்டார்களோ, இரண்டு வாரத்துக்குள் கதை தயார். வேலுசாமி கம்பி திருட ஏறினவன். இருபது வருசம் அடுத்தவன் மரத்தின் பால் சிரட்டையைக்கூடத் தொடாத மனுசர், செத்து இருபது நாளுக்குள் கள்ளன் ஆனார்.

கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் மனைவி விஜயகலா கொட்டிலுக்கு வந்தாள். பகல் சாப்பாட்டு நேரம். பாயில் இருந்த அத்தனை பேரும் கையைச் சோற்றில் வைத்தபடி அப்படியே இருந்தார்கள். யோகராஜ் அண்ணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாங்க தங்கச்சி," என்று பழனியாண்டி எழுந்தான். மூலையில் அவளுக்கென்று கட்டி வைத்திருந்த அரிசி மூட்டையைக் காட்டினான். "நானே கொண்டுவந்து தரணும்னு இருந்தேன்."

"அரிசி கிரிசி ஒண்ணும் வேணாம்ணே." அவள் உட்காரவில்லை. "எம் மூத்தவள பள்ளிக்கூடத்துல கள்ளன் மகள்னு கூப்பிடுறாங்களாம். நாலு நாளா போக மாட்டேங்குறா. லயத்துல பீலிக்குத் தண்ணிக்குப் போனா பொம்பளைங்க பேச்ச நிப்பாட்டிர்றாங்க. அவரு அன்னக்கி களவெடுக்க வரல. வேலைக்கி வந்தாரு. அத மட்டும் ஒரு தாள்ல எழுதித் தாங்க. வேற ஒண்ணுங் கேக்கல."

பழனியாண்டி யோகராஜைப் பார்த்தான். யோகராஜ் சோற்றைப் பார்த்தான்.

"கொப்பியில அவரு பேர் இல்லையே, தங்கச்சி," என்றான் பழனியாண்டி. அதைச் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல அவனுக்கு இருந்தது.

"அந்தக் கொப்பியக் குடுங்க, பாப்போம்."

கொடுக்காமல் இருக்க அவனுக்குக் காரணம் தோன்றவில்லை. அவள் அந்தத் திகதியைத் தேடிப் புரட்டினாள். யோகராஜ் என்று இருந்தது. சற்று நேரம் பார்த்தாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் மெதுவாய்த் தடவினாள். முந்தின நாள் தாளையும் தடவினாள், அதற்கு முந்தினதையும் தடவினாள். மறுபடியும் அந்த நாளுக்கே வந்தாள்.

"இது மட்டுந்தான் பின்னால தட்டுப்படுது," என்றாள். "கத்தி புடிச்ச கை. பேனாவையும் அப்படித்தான் அழுத்துவாரு. கலியாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின காயிதமெல்லாம் ஓட்ட விழுந்துதான் கெடக்கு." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "கண்ணு மங்கினாலும் இது எனக்குத் தெரியும்ணே."

பழனியாண்டி கொப்பியை வாங்கினான். அந்த நேரத்தில் அவன் பெரிய தர்மவான் மாதிரி எதையும் யோசிக்கவில்லை. பயந்துகொண்டுதான் இருந்தான். சிறைக்குப் பயந்தான், பேர்ப்பலகையை இறக்குவதற்குப் பயந்தான், இந்தப் பதினொரு பேரின் வீட்டு அடுப்பை நினைத்துப் பயந்தான். எல்லாவற்றையும்விட, இன்றைக்கு இவளை இப்படியே அனுப்பிவிட்டு நாளைக்கு இதே பாயில் உட்கார்ந்து சோறு தின்னப் போகிற தன்னை நினைத்துப் பயந்தான். பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினான்: 'இன்று யோகராஜ் வரவில்லை. அவர் அண்ணன் வேலுசாமி வேலைக்கு வந்தார். கூரையில் ஏறச் சொன்னது நான். கயிறு வேண்டாம் என்றதும் நான். பழனியாண்டி.'

கொப்பியை அப்படியே அவளிடம் நீட்டினான்.

"நான் தாள்தானே கேட்டேன்?"

"தாள் கிழிஞ்சு போயிரும். இத வச்சுக்குங்க."

அவள் படித்தாள். நிமிர்ந்து பாயில் இருந்தவர்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தாள். "இத நான் பொலிசுக்குக் கொண்டு போனா இவங்களுக்கு நாளைக்கி வேல இருக்காதே?"

"இருக்காது."

விஜயகலா கொப்பியை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். "கொண்டுதான் போகப் போறேன்," என்றாள்.

"போங்க. நானும் வாறேன்."

அப்போதுதான் யோகராஜ் எழுந்தான். முகம் வெளிறியிருந்தது. "பாஸ், நாங்க பொலிசுல கையெழுத்து வச்சிருக்கோம். பொய்ன்னு தெரிஞ்சா எங்களச் சும்மா விடுவாங்களா? உங்களுக்காகத்தானே சொன்னோம்? எங்களயே புடிச்சுக் குடுக்குறீங்களா?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு சொல்லிருங்க. நான் பயமுறுத்தினேன்னு சொல்லுங்க. எல்லாம் என் தலையில கெடக்கட்டும்."

அதுவும் பொய்தான். ஒரு பொய்யைத் தீர்க்க அவன் இன்னொரு பொய்யைச் சொன்னான். தன் ஆட்களுக்கு ஒரு முதலாளியாக அவன் கடைசியாகச் செய்தது அதுதான், அதற்கும் யாரும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. பொலிசில் அவர்கள் அவன் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்கள். பத்து வருசம் பாஸ் என்று கூப்பிட்டவர்கள், மிரட்டிப் பொய் சொல்ல வைத்தவன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பார்கள்? பார்க்கவில்லை.

வழக்கு இரத்தினபுரியில் ஒன்றரை வருசம் இழுபட்டது. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். பெக்டரி அவன் பேரைக் கையோடு வெட்டியது; மற்றத் தோட்டங்களும் வெட்டின. கொட்டிலில் ஸம்சுதீன் நானா சீமெந்து மூட்டை அடுக்கினார். யோகராஜ் கொழும்புக்குக் கட்டிட வேலைக்குப் போனவன் பொங்கலுக்குக்கூட வருவதில்லை. மற்றவர்களில் நாலு பேர் பழையபடி தோட்டத்துக்கே போய்ப் பெரட்டில் நின்றார்கள். அவர்களை அங்கே "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

மரண விசாரணைப் பத்திரம் திருத்தப்பட்டது. விஜயகலா அதைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். பெண்கள் குடமும் வாளியுமாய்க் கூடியிருந்தார்கள். சிங்களத்தில் இருந்ததை ஒரு வரி சிங்களத்திலும் ஒரு வரி தமிழிலுமாய் உரத்துப் படித்தாள். வேலைக்கு வந்த இடத்தில், வேலை கொடுத்தவர் சொல்லிக் கூரையில் ஏறி, விழுந்து இறந்தார். படித்து முடித்துவிட்டுத் தன் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தாள். மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனாள். பழனியாண்டியோடு விஜயகலா அதன் பிறகு ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசவேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

இரண்டாயிரத்தொன்பதில் பழனியாண்டி தெஹியோவிட்டப் பக்கம் வேறொரு பாஸிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே காலையில் பேர் கூப்பிடுவார்கள். நாற்பத்திநாலு வயதில் வரிசையில் நின்று "இருக்கேன்" என்பான். ஒகஸ்ட் மாதத்தில் ஒரு காலை அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பாயிலிருந்து எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்போது வீட்டுக்கு வந்திருந்த அவன் மனைவியின் தம்பி முகம் கழுவிக்கொண்டே சொன்னான்.

"நீங்க படுங்க மச்சான். நமக்கு இன்னக்கி தோட்டத்துல வேல இல்ல, மழ. உங்க பேர்ல நான் போய் நின்னுட்டு வாறேன்."

உதவிக்குத்தான் சொன்னான். அந்தத் தோட்டங்களில் நூறு வருசமாய்ச் சொல்லிவருகிற, பாசமுள்ள வார்த்தை அது. ஆனால் பழனியாண்டி பார்த்த பார்வையில் மைத்துனன் தன் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"எம் பேர்ல யாரும் போகக் கூடாது," என்றான் பழனியாண்டி. "இந்த வீட்ல யாரும், எப்பவும்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பல் கிட்டக் கிட்ட, மழையில் பஸ்ஸுக்கு நடந்தான். பேர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றான். காய்ச்சல், கூரையில் ஏறமாட்டேன் என்று பாஸிடம் சொல்லிவிட்டு, பின்னேரம் வரை கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.